12.4 டிகிரியில் ஒரு முகடு

இன்று காலை ஓடியது கண்ணாடித் தகட்டில் படியவைத்த கரிசல் மண். எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரால் கனிமங்களை அடையாளம் காணும் கருவி) திரையில் 12.4 டிகிரியில் கூரான ஒரு முகடு. தாமிரக் கதிருக்கு அது படிக அடுக்குகளுக்கு இடையே 7.1 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி.

கயோலினைட் (ஒரு களிமண் கனிமம்) என்று எழுதிவிடத்தான் கை போகும். பொறுங்கள். குளோரைட் என்ற இன்னொரு கனிமத்தின் இரண்டாவது முகடும் அங்கேயேதான் உட்காரும்.

25 டிகிரிப் பக்கம் மெதுவாக ஓட்டுங்கள். கயோலினைட் 24.9, குளோரைட் 25.2.

பிரியவில்லையா? 550 செல்சியஸில் ஒரு மணி நேரம் சுடுங்கள். கயோலினைட் முகடு மறையும், குளோரைட்டின் 14 ஆங்ஸ்ட்ராம் முகடு உயரும். (சாதாரணக் கண்ணாடி அந்தச் சூட்டில் வளையலாம்.)

சுடுவதற்கு முன்பே தகட்டுக்கு எத்திலீன் கிளைக்கால் ஆவி, 60 செல்சியஸில் ஓரிரவு. ஸ்மெக்டைட் (வீங்கும் களிமண் கனிமம்) 17 ஆங்ஸ்ட்ராமுக்கு விரியும். எடுத்த கையோடு ஓட்டணும். காயவிட்டால் முகடு பழைய இடத்துக்கே நழுவும்.

அளவு சொல்வதுதான் பெரிய வம்பு.

தகட்டில் களிமண் துகள்கள் எல்லாம் மல்லாந்து படுத்திருக்கும். அந்த முகடுகளின் உயரங்களை வைத்துச் சதவீதம் போட்டால் களிமண் ஊதித் தெரியும். தனியாகப் பொடி எடுத்து, அழுத்தாமல் நிரப்பி, எடைபோட்ட 10 சதவீதக் கொரண்டத்தோடு (ஒப்பிடச் சேர்க்கும் அலுமினியம் ஆக்சைடு) ஓட்டுங்கள்.

கொரண்டம் இல்லாவிட்டால் ரீட்வெல்ட் கணக்கு (முழு வரைபடத்தையும் பொருத்திச் சதவீதம் எடுக்கும் முறை) எப்போதும் 100க்குத்தான் கூட்டிக் காட்டும். படிகமாகாத பகுதி அதில் காணாமல் போயிருக்கும்.