எண் தகட்டைக் கடைசியாகப் பாருங்கள்

ஒரு பழைய பந்தயக் கார், சொல்லப்படுகிற அதே கார்தானா என்று சோதிக்கப் பானெட்டைத் திறந்ததும் கண் தானாகவே சட்டக எண் பொறித்த தகட்டைத் தேடும். நான்கு ரிவெட்டில் நிற்கிற தகடு அது. கழற்றி இன்னொரு காரில் அடிக்க அதிக நேரம் ஆகாது. அப்படி மாற்றியவர் மோசடிக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1950, 60களில் ஐரோப்பிய அணிகள் எல்லை தாண்டும்போது சுங்கத் தாளிலுள்ள எண்ணும் காரிலுள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டியிருந்தது. தாளுக்குரிய கார் மோதி நொறுங்கிக் கிடந்தால், அதன் தகட்டை அடுத்த காரில் அடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்தக் காலப் புகைப்படத்தில் தகடு தெளிவாகவே தெரிந்தாலும், அது அந்த ஒரு பந்தயத்துக்கு மட்டுமே சாட்சி.

எனவே காரின் எலும்புக்கூடான சட்டகத்திலிருந்து (சேஸிஸ்) தொடங்குவதே முறை. டியூப் சட்டகமானால் ஒவ்வொரு டியூபின் வெளிவிட்டத்தையும் காலிப்பரால் அளந்து, சுவரின் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் பார்க்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் சட்டகத்தில் 1 அங்குல டியூப் 25.4 மி.மீ. காட்டும், சுவர் 16 கேஜ் (பிரிட்டிஷ் தடிமன் அளவு) என்றால் 1.63 மி.மீ., 18 கேஜ் என்றால் 1.22 மி.மீ. அங்கே 25 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. சுவரும் வந்தால், அந்தத் துண்டு பின்னாளில் சேர்ந்தது என்று சந்தேகிக்கலாம். பெரும்பாலானோர் தவறுவது பெயின்ட்டில். பக்கத்துக்கு 0.2 மி.மீ. பெயின்ட் இருந்தாலே 25 மி.மீ. டியூப் 25.4 ஆகிவிடும். பெயின்ட்டில் ஒலி மெதுவாகச் செல்வதால் சாதாரண அல்ட்ராசோனிக் கருவியும் சுவரை உள்ளதைவிடத் தடிமனாகக் காட்டும். அளக்கும் இடத்தில் சிறு வட்டமாகவாவது பெயின்ட்டை நீக்க அனுமதி வாங்க வேண்டும்.

அளவுகளைச் சட்டகப் படத்தில் மூன்று நிறங்களில் குறித்துக்கொண்டால் நல்லது: முதலில் இருந்தது, பந்தயக் காலத்தில் பழுது பார்த்தது, பின்னாளில் போட்டது. பழுது குறையல்ல. முன் இடது மூலை நசுங்கிய விபத்துப் படம் ஒன்று கிடைத்து, அதே மூலையில் அந்தக் கால முறையில் பற்றவைத்த புது டியூப் இருந்தால், அதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது அரிது. கீறலே இல்லாத சட்டகம்தான் கவலை தரும்.

அடுத்தது பொறித்த எண். தொழிற்சாலையில் ஒவ்வோர் இலக்கத்தையும் எண் அடிக்கும் தனி அச்சால் (பஞ்ச்) அடித்திருப்பார்கள். அதே ஆண்டின் வேறு கார்களில் 4 எப்படி இருக்கிறது, 1க்கு அடிக்கோடு உண்டா, இடைவெளி எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிது அடித்திருந்தால், கண்ணுக்குத் தெரிந்த பள்ளத்துக்குக் கீழேயும் உலோகம் இறுகியிருக்கும். அந்த இறுகிய தடத்தைக் காண, இரும்பில் முதலில் காந்தத் துகள் சோதனை (காந்தமேற்றி இரும்புத் துகளைத் தூவுவது), பொருளுக்குச் சேதமில்லை. அதில் தெரியாவிட்டால் மட்டும் குப்ரிக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசல். அது மேற்பரப்பை அரிப்பதால், சாய்ந்த ஒளியில் படம் எடுத்து, உரிமையாளரின் எழுத்து அனுமதியும் பெறாமல் தொடக் கூடாது. அலுமினியத்தில் காந்தமும் உதவாது, இந்தக் கரைசலும் சரிப்படாது. எண் உள்ள துண்டையே வெட்டி வேறு சட்டகத்தில் வைப்பதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க, துண்டின் பின்புறத்தில் பற்றவைப்பு விளிம்பைத் தேட வேண்டும்.

கையால் தட்டிய உடற்பகுதியில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது. ரிவெட் வரிசை, காற்றுத் துளைகளின் கோணம் எல்லாம் கைரேகை மாதிரி; பழைய புகைப்படத்தோடு ஒப்பிடலாம். ஆனால் அந்தக் கால அச்சில் நெகடிவ் இடவலம் மாறிப் போயிருக்கலாம்; ஸ்டியரிங் எந்தப் பக்கம், காரின் போட்டி எண் நேராக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஜாகுவார் டி-டைப் என்ற பந்தயக் காரில் 1955 முதல் முன் சட்டகம் போல்ட்டில் பொருத்தப்பட்டது. அப்படிக் கழற்றக்கூடிய இரண்டு பாகங்கள் பிரிந்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு கார் வளர்ந்தால், இரண்டு கார்களின் உரிமையாளர்களும் ஒரே எண்ணைச் சொல்வார்கள். யாருடையது என்பதை அளவுகோலால் தீர்க்க முடியாது. பிரான்சின் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929, 1930 இரண்டிலும் வென்ற பென்ட்லி 'ஓல்ட் நம்பர் ஒன்' வழக்கில், பெரும்பாலான பாகங்கள் மாறியிருந்தும் வரலாற்றுத் தொடர்ச்சி அறுபடவில்லை என்பதால் 1990இல் ஆங்கில நீதிமன்றம் அதை உண்மையான கார் என்றே ஏற்றது. ஆகவே இடைவெளி ஆண்டுகளைத்தான் குடைய வேண்டும்: எப்போது பிரிக்கப்பட்டது, சட்டகம் யாரிடம் கிடந்தது, ரசீது எங்கே. இன்ஜின் எண் இதில் பெரிதாக உதவாது. பந்தயக் காரில் இன்ஜின் அடிக்கடி மாறும்.

சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் வரலாற்றுத் தொழில்நுட்பப் பாஸ்போர்ட்டைக் காட்டி "இதோ சான்று" என்பார்கள். கார் அந்தக் கால அமைப்புக்கு ஒத்திருக்கிறது என்று மட்டுமே அது சொல்கிறது. எந்தக் கார் என்று சொல்வதில்லை. மூன்று புத்தகங்கள் ஒரே எண்ணைத் தந்தாலும், மூன்றும் ஒன்றைப் பார்த்து எழுதியவை என்றால் சாட்சி ஒன்றுதான்.

இவ்வளவும் முடிந்தபின் தகட்டுக்கு வரலாம். ரிவெட் திடமானதா, நடுவில் துளையுள்ள நவீன பாப் ரிவெட்டா? கழற்றினால் அடியில் எந்த நிறப் பெயின்ட்? நான்கு ரிவெட்டுக்கு ஆறு ஓட்டை இருந்தால் அதையும் எண்ணி அறிக்கையில் எழுதுங்கள்.