பனியை வைத்தே பணம் சேர்த்தோம்

கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில் பிள்ளைகளுக்கு மிருதங்கமும் வயலினும் சொல்லிக் கொடுக்கிற சிறிய பண்பாட்டு அமைப்பு எங்களுடையது. குளிர்காலம் வந்தால் வாத்தியங்கள் படாத பாடு படும். வெளியே உறைபனி, உள்ளே ஹீட்டர். காற்று காய்ந்து தோல் இறுகிவிடும், மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் நடுவிலுள்ள கறுப்புக் கரணை வெடித்து உதிரும், சுருதி நிற்காது. தோல் மாற்றவும் ஈரப்பதமூட்டி வாங்கவும் காசு வேண்டும். கெடுப்பது குளிர்தானே, பனியை வைத்தே நிதி சேர்ப்போம் என்று கனடாவில் தமிழ் மரபு மாதமாகக் கொண்டாடப்படும் ஜனவரியில், 2025இல் தொடங்கினோம்.

மார்ச் முடியும் வரை விழுகிற ஒவ்வொரு சென்ரிமீற்றர் பனிக்கும் 25 சதமோ 50 சதமோ தருவதாக நன்கொடையாளர்கள் எழுதித் தர வேண்டும். ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் பதிவாகும் அளவுதான் கணக்கு என்றும், தரும் தொகைக்கு உச்சவரம்பை அவரவரே குறிக்கலாம் என்றும் படிவத்திலேயே போட்டோம். அந்த இரண்டு வரிகள்தான் எங்களைக் காப்பாற்றின. பெப்ரவரி நடுவில் அடுத்தடுத்து இரண்டு பனிப்புயல் அடித்தது. ஓர் அம்மம்மா வாசலில் அடிமட்டத்தைக் குத்தி அளந்துவிட்டு, “பிள்ளை, எங்கட பக்கம் இன்னும் கூட விழுந்திருக்கு, அதையும் சேருங்கோ” என்று தொலைபேசியில் சொன்னார். படிவத்தைக் காட்டி விளக்கினோம். அவரோ உச்சவரம்பு முழுவதையும் அன்றே தந்துவிட்டார்!

வேறு சிலரும் அந்த மாதமே முழுத்தொகையைக் கட்டினார்கள். தபால் வேலைநிறுத்தம் காரணமாக, 2024 வரிக் கணக்கில் காட்டுவதற்கான நன்கொடைக் காலத்தைக் கனடா அரசு 2025 பெப்ரவரி 28 வரை நீட்டியிருந்தது. இது தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொன்னது நல்ல பலன் தந்தது.

பற்றுச்சீட்டு விஷயத்தில் கவனம் வேண்டும். நாங்கள் பதிவு பெற்ற அறக்கொடை அமைப்பு என்றாலும் வாக்குறுதிக்கு வரிப் பற்றுச்சீட்டு தர முடியாது, கைக்கு வந்த காசுக்கு மட்டும்தான். டிக்கெட் விற்று, குலுக்கலில் சேலை பரிசு கொடுக்கலாம் என்று சிலர் ஆசைப்பட்டார்கள். ஒன்ராறியோவில் அதற்கு உரிமம் எடுக்க வேண்டும், டிக்கெட் காசுக்கு நன்கொடைச் சீட்டும் கிடையாது. சரி, வேண்டாம் என்று விட்டோம்.

கடினமானது ஏப்ரல் மாதம்தான். பனி கரைந்ததும் மனிதர்களுக்கு அது மறந்து போகிறது. மார்ச் முடிந்த கையோடு ஒவ்வொருவருக்கும் அவரவர் சென்ரிமீற்றர் கணக்கையும் தொகையையும் எழுதி அனுப்பினோம், கூடவே கரணை உதிர்ந்த மிருதங்கத்தின் படத்தையும். பதில் வராதவர்களைப் பெற்றோர் பங்கு போட்டுக்கொண்டு அழைத்தார்கள். தெரிந்த குரல் கேட்டால் யாருக்கும் மறுக்க மனம் வராது.

ஈரப்பதமூட்டி வகுப்பறைக்கு வந்துவிட்டது. தோல் மாற்ற வேண்டிய மிருதங்கங்களை, கோடையில் ஊருக்குப் போன பெற்றோர் கொண்டு போனார்கள்.