கூட்டினால் 123

"கூட்டிப் போட்டுடுய்யா, வாசகன் கேக்கறது ஒரு நம்பர்தானே" என்றார் விளையாட்டுப் பக்கப் பொறுப்பாசிரியர். சோவியத் யூனியன் உடையாமல் இருந்திருந்தால் அட்லாண்டா ஒலிம்பிக்கில் என்ன ஆகியிருக்கும் என்ற பெட்டிச் செய்திக்கான பேச்சு அது.

கூட்டலில் தவறில்லை. 1996-இல் அட்லாண்டாவில் வென்ற பதக்கங்கள்: ரஷ்யா 63, உக்ரைன் 23, பெலாரஸ் 15, கஜகஸ்தான் 11, மற்ற குடியரசுகள் எல்லாம் சேர்ந்து 11. ஆக 123, அமெரிக்காவுக்கு 101. தங்கத்தில் மட்டும் 44-க்கு 40 என்று அமெரிக்கா முந்தும்.

"ஒரே நாடுன்னா இத்தனை பேர் போயிருக்கவே முடியாது சார்" என்றேன். "அப்போ உன் நம்பர் என்ன?" என்றார். அதற்கு என்னிடம் இன்றைக்கும் ஓர் எண் இல்லை.

இடையில் நிற்பது கோட்டா. ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் தனிநபர் போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து இருவர்தான். அட்லாண்டாவில் தங்கம் உக்ரைனின் செரெப்ரியான்ஸ்கா, வெள்ளி ரஷ்யாவின் பதிர்ஷினா, வெண்கலம் உக்ரைனின் வித்ரிசென்கோ. ஒரே கொடி என்றால் மூவரில் ஒருவர் விமானமே ஏறியிருக்க மாட்டார். இது வெறும் ஊகமில்லை. 1992-இல் பார்சிலோனாவுக்குப் பழைய பதினைந்து குடியரசுகளில் பன்னிரண்டு ஒரே அணியாகப் போனபோது, இருந்த இரண்டு இடங்களும் திமோஷென்கோவுக்கும் ஸ்கால்தினாவுக்கும் போயின. ஒக்சானா கோஸ்தினாவுக்கு இடமில்லை. அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸில் ரஷ்யாவுக்காக ஆடி உலக சாம்பியன் ஆனார். 1993 பிப்ரவரியில் கார் விபத்தில் இறந்துவிட்டார். அவருக்கு ஒலிம்பிக் கிடைக்கவே இல்லை. ஒன்றுபட்ட அணி என்றால் என்ன என்பதற்கு 123-ஐவிட இந்தப் பெயர்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

குழு ஆட்டத்தில் கணக்கு அப்படியே தலைகீழ். 1988 சியோல் கூடைப்பந்தில் தங்கம் வென்ற சோவியத் அணியின் முதுகெலும்பு சபோனிஸ், மர்ச்சுலியோனிஸ் உள்ளிட்ட நான்கு லித்துவேனியர்கள். 1992-இல் தனியாக வந்த லித்துவேனியா, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பழைய கூட்டாளிகளின் அந்த ஒன்றுபட்ட அணியையே 82-78 என்று வென்றது. இரு அணியும் ஒன்றாக ஆடியிருந்தாலும் பட்டியலில் ஏறுவது ஒரே பதக்கம்தான், ஆனால் அது வெண்கலத்துக்கு மேலே போயிருக்கலாம். கூட்டல் ஒரு பக்கம் பதக்கத்தை ஊதிக் காட்டுகிறது, இன்னொரு பக்கம் அதன் நிறத்தைக் குறைத்துக் காட்டுகிறது.

கடைசியில் 123 என்றே அச்சேறியது. அடியில் பொடி எழுத்தில் கோட்டா பற்றி ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி தலைப்பிலேயே இருந்திருக்க வேண்டும் என்று சில நாள் தோன்றும். சில நாள் பொறுப்பாசிரியர் சொன்னதும் நியாயமாகப் படும். அட்லாண்டா கிரேக்க-ரோமன் மல்யுத்தத்தில் 52 கிலோ பிரிவில் ஆர்மீனியாவின் நஸார்யானுக்குத் தங்கம், உக்ரைனின் கலாஷ்னிகோவுக்கு வெண்கலம். எடைப்பிரிவுக்கு நாட்டுக்கு ஒருவர்தான் என்பதால் ஒரு பதக்கத்தை நான் கணக்கிலிருந்து அடிக்க வேண்டும். எதை அடிப்பது? சோவியத் தேர்வுப் போட்டியில் நஸார்யான் தேறியிருக்க மாட்டார் என்று எந்த ஆதாரத்தில் சொல்வது? 2000-இல் சிட்னியில் பல்கேரியாவுக்காக மறுபடியும் தங்கம் வாங்கியவர் அவர்.