இரவு மூன்று மணி சாம்பிள்

கஷ்டப்பட்டால்தான் முன்னுக்கு வரலாம் என்று சொல்லாத பெரியவர் எங்கள் ஊரில் கிடையாது. பள்ளிப் பரிசளிப்பு விழாவில் சொல்வார்கள், கோயில் திருவிழா மேடையில் சொல்வார்கள், கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும் பையனிடமும் சொல்வார்கள். ஊர்ப் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறி வருஷக் கணக்கு ஆனாலும் எங்கள் வாயில் அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். கடைத்தெருவைத் தாண்டினால் எந்தப் பக்கம் போனாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரம். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் 1917-ல் தொடங்கியது எங்கள் கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான். நூறு வருஷத்துக்கு மேல் எங்கள் ஆட்கள் இந்த மண்ணில் பெரட்டு என்ற காலை ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, வெயிலிலும் மழையிலும் உழைத்திருக்கிறார்கள். கஷ்டம் மட்டுமே ஒருவனை உயர்த்திவிடும் என்றால் தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்த ஒவ்வொருவரும் இந்நேரம் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லையே.

அதனால் அந்தப் பேச்சை நான் அப்படியே நம்புவதில்லை. ஆனால் செம்பனை ஆலையின் லேப்பில் இத்தனை வருஷம் வேலை செய்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். வேறு ஒரு வகை சிரமம் இருக்கிறது. அதை யாரும் நம் தலையில் கட்டுவதில்லை, செய்யாமல் விட்டாலும் யாருக்கும் தெரியாது, நாமாகப் போய் எடுத்துக்கொண்டால்தான் உண்டு. அதுதான் என்னை வளர்த்தது என்று நினைக்கிறேன்.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குலையை வெட்டித் தரையில் போட்டு, அள்ளி லோரியில் ஏற்றி, ஆலையில் ரம்ப் என்ற இறக்கு மேடையில் கொட்டுவதற்குள் பழம் அடிபட்டுவிடும். அடிபட்ட இடத்தில் பழத்துக்குள் இருக்கும் லிப்பேஸ் என்ற என்சைம் வேலையைத் தொடங்கி எண்ணெயை உடைக்கும். கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறும். அதை நிறுத்த ஒரே வழி, பழத்தைச் சீக்கிரம் நீராவிக்குள் தள்ளுவது. ஸ்டெரிலைசரில் ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் ஒன்றரை மணி நேரம் வரை வேக வைத்தால் லிப்பேஸ் செத்துப்போகும். அதனால்தான் வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் வெந்துவிட வேண்டும் என்று தோட்டத்திலும் ஆலையிலும் எல்லாரும் கிடந்து துடிப்பார்கள். கச்சா எண்ணெயில் அந்த அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டினால் வாங்குகிறவன் முகம் சுளிப்பான், விலையும் அடிபடும். அந்த அமில அளவைக் கண்டுபிடித்துச் சொல்வது லேப்பின் பொறுப்பு.

பகலில் இது ஒன்றும் பெரிய வேலை இல்லை. இரவு ஷிப்டில்தான் சோதனை. மூன்று மணி சாம்பிள் எடுக்க லேப்பின் ஏர்கோனை விட்டு வெளியே வந்தால் முகத்தில் நீராவி அடிக்கும். பழம் பிழியும் பிரஸ் ஸ்டேஷனுக்குப் போகும் இரும்புப் படியில் எண்ணெய்ப் பிசுக்கு, கைப்பிடியும் வழுக்கும். காதை அடைத்திருந்தாலும் திருகு பிரஸ்ஸின் முழக்கம் நெஞ்சுக்குள் கேட்கும். மேலே ஏறி, பிழிந்து தள்ளிய நாரில் ஒரு பை எடுத்து, அப்புறம் எண்ணெய் சுத்திகரிக்கும் பக்கம் போய், குழாயைத் திறந்து முதலில் வருவதை விட்டுவிட்டு அடுத்து வருவதைப் போத்தலில் பிடிக்க வேண்டும். எண்ணெய் கொதிப்பாக இருக்கும், கையுறை போட்டாலும் சூடு தெரியும்.

திரும்பி வந்தால் தைத்திரேஷன், அமில அளவைக் கண்டுபிடிக்கும் சோதனை. எண்ணெயை எடை போட்டு, ஐசோபுரோப்பனாலில் கரைத்து, நிறம் காட்டும் பினாப்தலின் சில சொட்டு விட்டு, மேலே ப்யூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டே குடுவையைச் சுழற்ற வேண்டும். ஆரஞ்சு நிற எண்ணெய்க்குள் இளஞ்சிவப்பு வந்து வந்து மறையும். முப்பது வினாடி மறையாமல் நின்றால்தான் முடிந்தது என்று அர்த்தம். அந்த முப்பது வினாடி இருக்கிறதே, தூக்கம் கண்ணை இழுக்கும் நேரத்தில் அது ரொம்ப நீளம். பத்து வினாடியிலேயே நின்றுவிட்டது போலத் தோன்றும். எழுதிவிடலாம் என்று தோன்றும். போன சாம்பிள் 3.2, அதற்கு முந்தியது 3.2, இதுவும் 3.2 அல்லது 3.3 ஆகத்தான் இருக்கும், ஏறி இறங்காமலே எழுதினாலும் காலையில் கையெழுத்துப் போடுகிற யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

இந்த இடத்தைத்தான் சொல்ல வருகிறேன். யாரும் பார்க்காத அந்த நேரத்தில் படியேறிப் போவது ஒரு பழக்கம். அதைத் திறமை என்று சொல்ல மாட்டேன், தைரியமும் தேவையில்லை. வேலைக்கு வந்த புதிதில் பாய்லர் பார்க்கும் அண்ணன் ஒருவர் எனக்கு இதைக் காட்டினார். ஷிப்டு மாறும் ஒவ்வொரு முறையும் அவர் முதலில் போய் நிற்பது வாட்டர் கேஜ் முன்னால். கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் சரியாகத்தான் தெரியும், ஆனாலும் வால்வைத் திறந்து ஊதிவிட்டு, தண்ணீர் தன் மட்டத்துக்குத் திரும்ப ஏறுகிறதா என்று நின்று பார்ப்பார். “அதான் கண்ணுக்குத் தெரியுதே அண்ணே” என்றேன். “கண்ணாடில தெரியறது கண்ணாடியோட தண்ணி, தம்பி. உள்ள இருக்கறது வேற. வழி அடைச்சிருந்தா இது பொய் சொல்லும்” என்றார். பாய்லரில் நீர் இறங்கியது தெரியாமல் நெருப்பு எரிந்தால் என்ன ஆகும் என்பதை அவர் எனக்கு விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை.

மழைக் காலத்தில் இந்தப் பழக்கத்தின் பலன் தெரியும். மண் பாதையில் லோரி சிக்கும், பழம் தோட்டத்திலேயே ராத்தங்கும், அடுத்த நாள் எல்லாம் ஒரே நேரத்தில் ரம்ப்பில் வந்து குவியும். அப்போது அந்த அமில எண் மெல்ல ஏற ஆரம்பிக்கும், 3.4, 3.9, 4.3 என்று. நிஜமான எண்ணை மணிக்கணக்காக எழுதி வந்தவனுக்குத்தான் இது ஏறுகிறது என்பதே தெரியும். தெரிந்த பிறகு அடுத்த சிரமம் வருகிறது, தூங்கிக்கொண்டிருக்கும் என்ஜினியரைத் தொலைபேசியில் எழுப்பிச் சொல்வது. எனக்குப் படியேறுவதைவிட அது கஷ்டமாக இருந்தது.

பேசுவதுதான் எனக்கு வராத விஷயம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்துவிட்டு, இடைநிலைப் பள்ளியில் புதுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு இது புரியும். நம் வயதுப் பிள்ளைகள் படிவம் ஒன்றில் இருக்க, நாம் மலாய் மொழிக்காகவே ஒரு வருஷம் பின்னால் நின்றோம். அந்த வருஷம் எனக்கு மலாய் கொடுத்தது, நன்றாகவே கொடுத்தது, ஆனால் பத்துப் பேர் முன்னால் வாயைத் திறந்தால் தப்பாகிவிடும் என்ற பயத்தையும் சேர்த்துக் கொடுத்தது. லேப் எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். குடுவையும் தராசும் யாரிடமும் பேசச் சொல்லாது.

காலைக் கூட்டம் மலாயில் நடக்கும், நடுநடுவே ஆங்கிலம். என் எண்களை வேறு ஒருவர் படிப்பார். அவர் படித்த பிறகு எல்லாரும் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். நாரில் எண்ணெய் அதிகமாகத் தங்குகிறது, இரண்டாம் நம்பர் பிரஸ்ஸின் திருகு தேய்ந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும், அதைச் சொல்ல ஆள் இருக்காது. சரி, ஒரு கூட்டத்துக்கு ஒரு வாக்கியம் என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். முதல் வாக்கியத்தை மட்டும் இரவே எழுதி வைப்பேன். “துவான், நாரில் எண்ணெய் இழப்பு மூன்று நாளாக ஏறுகிறது” என்பதை மலாயில் எழுதி, பாய்லர் சத்தத்துக்கு நடுவே உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். அங்கே யார் காதிலும் விழாது. கூட்டத்தில் சொல்லும்போது கை வேர்க்கும், குரல் நடுங்கும், இரண்டாவது வாக்கியத்தில் தடுமாறும். தடுமாறினாலும் பரவாயில்லை, விதி ஒரு வாக்கியம்தானே. மாதக்கணக்கில் இது போனது. வேர்ப்பது நிற்கவில்லை, ஆனால் வேர்த்துக்கொண்டே பேசலாம் என்பது தெரிந்துவிட்டது. பயம் போன பிறகு பேசலாம் என்று காத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

என் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். விடியாத இருட்டில் நெற்றி விளக்கோடு போவார், வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். அவர் கையில் இருந்த கட்டுப்பாட்டை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பட்டை போக வேண்டும், ஆழமாகப் போனால் மரத்தில் காயம், மேலோட்டமாகப் போனால் பால் குறையும். நூற்றுக்கணக்கான மரத்தில் ஒரே சாய்வு, ஒரே ஆழம். ஆனால் அம்மாவை உயர்த்தியது அந்தக் கஷ்டம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். முதுகுவலியும் கொசுக்கடியும் அவருக்கு ஒன்றும் தரவில்லை. அவர் தானாகச் சேர்த்துக்கொண்டது வேறு. வேலை முடிந்து வந்து, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்து, தானாகவே மலாய் கற்றுக்கொண்டார். கிளினிக்கில் யார் துணையும் இல்லாமல் பேசினார்.

தாத்தா காலத்திலும் அப்படி ஒன்று நடந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஆட்கள் வெளியேற்றப்பட்ட நேரத்தில், 1960-ல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளிகளே சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி, மாதம் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) தவணை கட்டி ஒரு பங்கு சேரச் சொன்னார். அன்றைய கூலியில் பத்து வெள்ளி என்றால் வீட்டில் ஏதோ ஒன்று குறையும். தாத்தா கட்டினார். வறுமை அவர் கேட்டு வந்ததல்ல, அந்தப் பத்து வெள்ளியை எடுத்து வைத்தது அவர் முடிவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும், சிரமத்தையும் ஆபத்தையும். புதிதாக வந்த பையன் ஒருவன் காது அடைப்பானைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பிரஸ் ஸ்டேஷனில் நின்றான். கேட்டால், “பழகிடுச்சு அண்ணே” என்றான். காது பழகாது, தம்பி, கேட்காமல் போகும் என்றேன். நாள் முழுக்கச் சராசரியாக 85 டெசிபலுக்கு மேல் காதில் விழக்கூடாது என்பது 2019-ன் சத்த விதி, பிரஸ் பக்கம் அதைத் தாண்டும். சத்தத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதில் எந்த ஒழுக்கமும் இல்லை. அரிப்பும் வேர்வையும் இருந்தாலும் அடைப்பானைக் கழற்றாமல் ஷிப்டு முழுக்க வைத்திருப்பதுதான் ஒழுக்கம். 1994-ன் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு நம்பினால், முதலாளி அதைச் சரிசெய்யாத பட்சத்தில், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம் என்று அது சொல்கிறது. இதைத் தோட்டப்புறப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ‘தாங்கு, தாங்கு’ என்று கேட்டே வளர்ந்த நமக்கு, எதைத் தாங்கக் கூடாது என்று சொல்லித் தந்தவர்கள் குறைவு.

லேப் வேலையும் கூட்டத்தில் பேசுவதும் இப்போது எனக்குச் சுலபமாகிவிட்டன, அதனால் வேறு இடம் பார்க்கிறேன். ஆலையில் யாருமே போக விரும்பாத இடம் கழிவுநீர்க் குளம். ஒரு டன் எண்ணெய் எடுக்க ஏறக்குறைய இரண்டரை டன் கழிவுநீர் வரும். பழுப்பாக, சூடாக, நாற்றத்தோடு வரும் அதைக் குளம் குளமாகக் கடத்தி, கிருமிகளை விட்டு அழுக்கை உண்ண வைத்து, ஆற்றில் விடும் தரத்துக்குக் கொண்டுவர வேண்டும். நீரில் உள்ள அழுக்கை உடைக்கக் கிருமிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று அளக்கும் பிஓடி சோதனைக்கு இங்கே 30 பாகை வெப்பத்தில் மூன்று நாள் காத்திருக்க வேண்டும், முதல் குளத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும் எண் கடைசிக் குளத்தில் நூறுக்கும் கீழே வந்தாக வேண்டும், பல இடங்களில் இன்னும் கடுமையாகக் கேட்கிறார்கள். எங்கள் பக்கத்துத் தண்ணீரெல்லாம் சிலாங்கூர் ஆற்றில் போய்ச் சேர்கிறது, அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில்தான் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருகிறார்கள். இதைப் பார்த்துக்கொள்ளத் தகுதிச் சான்று பெற்ற ஆள் வேண்டும், சுற்றுச்சூழல் துறையின் பயிற்சிக் கழகம் அதற்கு வகுப்பு நடத்துகிறது, தேர்வு உண்டு, அப்புறம் களத்தில் வேலை செய்து அறிக்கையும் எழுத வேண்டும். பெயர் கொடுத்திருக்கிறேன்.

வேதியியலை மறுபடி முதலிலிருந்து படிக்கிறேன், படிவம் ஐந்தில் இருக்கும் மகள்தான் ஆசிரியை. குளத்துக்குக் காலையிலேயே போய்விடுவேன், வெயில் ஏறினால் வாடை தலைக்கு ஏறும். காது அடைப்பானைக் கழற்றிய அந்தப் பையனையும் கூட்டிப் போகிறேன். முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளியே நின்றான். போன வாரம் போத்தலை அவனே வாங்கிக் குனிந்து நீர் எடுத்தான், லேபிளும் அவனே எழுதினான், நேரத்தை நிமிஷம் வரைக்கும் போட்டு.