யூ.எஸ்.டி.டி. விற்ற காசும் சனிக்கிழமைச் சம்பளமும்

"கிரிப்டோவுல போனா ஒருத்தருக்கும் தெரியாதுங்க." திருப்பூர், ஈரோடு பக்கம் யூ.எஸ்.டி.டி. (டாலர் மதிப்போடு கட்டிய கிரிப்டோ காயின்) வாங்கி விற்பவர்களில் இப்படிச் சொல்பவர்கள் உண்டு. உண்டியல் (ஹவாலா) பணத்துக்காவது சாட்சி ஒரு துண்டுச்சீட்டுதான், கிழித்துப் போடலாம். கிரிப்டோ பரிவர்த்தனைகள் எல்லாம் பொதுவில் பதிவாகும் பிளாக்செயின் பேரேடு அப்படியே கிடக்கும்.

இரண்டு முகவரிகளில் 0.3, 0.4 பிட்காயின் வைத்திருப்பவர் 0.5 அனுப்பினால், இரண்டும் ஒரே பரிவர்த்தனையில் சேர்ந்துதான் போகும். கட்டணம் போக மீதி வேறொரு முகவரிக்குத் திரும்பும். இரண்டுக்கும் சொந்தக்காரர் ஒருவரே என்று அங்கேயே ஊகித்துவிடலாம் (பலர் கூட்டாகக் கலந்து அனுப்பினால் இந்த ஊகம் தப்பும்). அதில் ஒன்றுக்கு, அவர் பான் கொடுத்த எக்ஸ்சேஞ்சிலிருந்து (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) காயின் வந்ததென்றால் பெயரே கிடைத்துவிடும். 2023 மார்ச் 7 முதல் எக்ஸ்சேஞ்சுகள் சந்தேகமான பரிவர்த்தனைகளை நிதி உளவுப் பிரிவுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

கண்டுபிடிப்பது வேறு, பிடுங்குவது வேறு. யூ.எஸ்.டி.டி.யை வெளியிடும் டெதர் நிறுவனம் ஒரு முகவரியையே முடக்கிவிட முடியும். பிட்காயினில் அந்தப் பூட்டு கிடையாது, சாவி (முகவரியைத் திறக்கும் ரகசிய எண்) கைக்கு வரவேண்டும். 2021இல் அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனமான காலனியல் பைப்லைன் ஹேக்கர்களுக்குப் பிணைத்தொகையாகக் கட்டிய 75 பிட்காயினில் 63.7 திரும்பியது, அந்த முகவரியின் சாவி எப்.பி.ஐ. கையில் இருந்ததால்தான்.

நம் ஊரில் அடி விழுவது பெரும்பாலும் வங்கிப் பக்கம். பி2பி-யில் (எக்ஸ்சேஞ்ச் வழியாக ஆளுக்கு ஆள் நேரடியாக விற்பது) வாங்குபவர் பெயர் ஒன்று, பணம் வரும் கணக்கின் பெயர் வேறொன்று. அது எங்கோ ஏமாந்தவரின் பணமாக இருக்கலாம். அவர் 1930க்கு (சைபர் மோசடிப் புகார் எண்) அழைத்ததும், பணம் போன கணக்குகள் வரிசையாக முடங்கும். பனியன் ஜாப் ஒர்க் செய்பவரின் கரண்ட் அக்கவுண்ட் என்றால் சனிக்கிழமைச் சம்பளமும் அதோடு நிற்கும்.

பெயர் பொருந்தாவிட்டால் காயினை விடுவிக்காதீர்கள். ஆர்டரில் புகார் போட்டு, வந்த கணக்குக்கே பணத்தைத் திருப்புங்கள். நீங்களாக வேறொரு கணக்குக்கு அனுப்பினால் மோசடிச் சங்கிலியில் நீங்களும் ஒரு கண்ணி. முடங்கிவிட்டால் வங்கியில் முதலில் கேட்க வேண்டியது புகார் எண்ணும் எந்த மாநிலக் காவல் நிலையம் என்பதும். ஆர்டர் எண், சாட், பரிவர்த்தனை ஹாஷ் (பிளாக்செயினில் அந்தப் பரிவர்த்தனையின் அடையாள எண்), வங்கி ஸ்டேட்மென்ட் நான்கையும் அந்த நிலையத்துக்கு அனுப்புங்கள். சாட்டை அன்றன்றே சேமிக்காதவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். மனுவில் முழுக் கணக்கையும் விடச் சொல்லி மல்லுக்கட்ட வேண்டாம்; புகார்த் தொகை 40,000 என்றால் அதை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடச் சொல்லிக் கேளுங்க.