அரிவாளில் மொய்த்த ஈக்கள்: ஒரு சோங் காலத் துப்பறியும் தொடர்

ஜூலை 6, 2025, ஞாயிறு

துப்பறியும் கதை பிடிக்கும் என்று சொல்கிற எல்லோரிடமும் இப்போது நான் ஒரே தொடரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் எழுதிவிடுகிறேன். 'தா சோங் தி சிங் குவான்'. சீன அரசுத் தொலைக்காட்சியில் 2005இல் வந்தது, 52 எபிசோட், தனித்தனிக் கேஸ்களாகப் போகும், ஒவ்வொரு கேஸும் சில எபிசோட்களில் முடிந்துவிடும். காலம் தெற்கு சோங் வம்சம், அதாவது 13ஆம் நூற்றாண்டு. நாயகன் சோங் ட்சு கற்பனைப் பாத்திரம் இல்லை, நிஜமாகவே வாழ்ந்த அதிகாரி. 1186இல் ஃபூஜியானில் ஜியன்யாங் என்ற ஊரில் பிறந்தவர். மரண வழக்குகளை விசாரிப்பதையே வாழ்நாள் வேலையாகச் செய்து, 1247இல் பிரேதப் பரிசோதனை பற்றி 'ஷி யுவான் ஜி லு' என்ற நூலை எழுதினார். இன்று நம் கையில் இருக்கிற முறையான தடய மருத்துவ நூல்களில் மிகப் பழையது என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

தொடக்கமே மனதைப் பிடித்துக்கொள்கிறது. வாழ்நாள் முழுக்க நேர்மையாக இருந்த அப்பா, ஒரே ஒரு கேஸில் தவறாகத் தீர்ப்புச் சொல்லி ஒரு நிரபராதியின் உயிர் போய்விட, அந்தப் பாரம் தாங்காமல் தன்னை மாய்த்துக்கொள்கிறார். மகன் அரசு வேலைக்கே போகக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போகிறார். அப்புறம் வருகிற ஒவ்வொரு கேஸிலும் மகன் பிணத்தின் முன் உட்காரும்போது அந்தக் கடிதம் நமக்கு நினைவில் இருக்கும்.

ஜூலை 8, செவ்வாய்

சீன நீதிபதிக் கதை என்றால் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்தது நீதிபதி பாவ். 1993இல் தைவானில் எடுத்த தொடர், கறுத்த முகம், நெற்றியில் பிறை, நாய்த்தலை, புலித்தலை, டிராகன் தலை வைத்த மூன்று வெட்டுக்கத்திகள். அதுவும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே நீதிபதி அதட்டினால் குற்றவாளி நடுங்கி உண்மையைச் சொல்லிவிடுவான். சோங் ட்சு அப்படி வந்த வாக்குமூலத்தை நம்பவே மாட்டார், எனக்கு இந்தத் தொடர் இவ்வளவு பிடித்ததற்கு முதல் காரணமே அதுதான்.

அந்தக் காலத்துச் சீனச் சட்டத்தில் தண்டனை கொடுக்க வாக்குமூலம் முக்கியம், அதை வாங்க அடிக்கவும் அனுமதி உண்டு. அடி தாங்காமல் ஒருவன் ஒப்புக்கொண்டால் ஃபைல் மூடிவிடும், எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் சோங் ட்சு எபிசோடுக்கு எபிசோட் கெடுக்கிறார். அவருடைய நூலின் முன்னுரையும் இதையேதான் சொல்கிறது: வழக்குகளில் மரண தண்டனையைவிடப் பெரியது இல்லை, மரண தண்டனையில் ஆரம்ப உண்மைகளைவிடப் பெரியது இல்லை, அந்த உண்மைகளுக்கு உடலைப் பரிசோதிப்பதைவிடப் பெரியது இல்லை. எழுநூற்று எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஒரு சொல்லும் பழசாகவில்லை.

ஜூலை 11, வெள்ளி

தொடரோடு சேர்த்து நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் படித்துக்கொண்டிருக்கிறேன், 1981இல் வந்தது. அதில் இருக்கிற அரிவாள் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது.

வழியோரம் ஒருவன் வெட்டுப்பட்டுக் கிடக்கிறான். உடைமை எல்லாம் அப்படியே இருக்கிறது, உடம்பில் பத்துக்கு மேல் வெட்டு, எல்லாம் அரிவாள் வெட்டு. திருடன் என்றால் பொருளைத்தான் எடுப்பான், இத்தனை வெட்டு வெட்டியிருக்கிறான் என்றால் மனதில் வன்மம் இருக்கிறது என்று விசாரணை அதிகாரி முடிவு செய்கிறார். மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கிறார். பகை என்று யாரும் இல்லை, கொஞ்ச நாள் முன்பு ஒருவன் கடன் கேட்டான், கிடைக்கவில்லை, அவ்வளவுதான் என்கிறாள். உடனே அக்கம்பக்கத்தில் இருக்கிற அரிவாள் எல்லாம் வந்தாக வேண்டும், ஒளித்து வைத்தவன்தான் கொலைகாரன் என்று ஆணை. எழுபது எண்பது அரிவாள் வருகிறது, தரையில் பரப்புகிறார்கள். கோடைக்காலம், நல்ல வெயில். ஒரே ஒரு அரிவாளில் மட்டும் ஈக்கள் வந்து மொய்க்கின்றன. கழுவித் துடைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறான், ஆனால் ரத்த வாடை ஈக்குத் தெரிகிறது. அது யாருடைய அரிவாள் என்று பார்த்தால், கடன் கேட்டவனுடையது.

இது சோங் ட்சு தானே விசாரித்த கேஸ் இல்லை, அவர் பதிவு செய்து வைத்தது. பூச்சியை வைத்துக் குற்றம் கண்டுபிடித்ததாக எழுத்தில் இருக்கிற முதல் சம்பவம் என்று தடயவியல்காரர்கள் இன்றும் இதைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள்.

ஜூலை 19, சனி

இன்று சிவப்புக் குடை. சதை போய் எலும்பு மட்டும் மிச்சமிருக்கிற உடலில் அடிபட்ட தடயத்தை எப்படிப் பார்ப்பது? நூலில் முறை இருக்கிறது. எலும்புகளைக் கழுவி, சணல் நூலில் வரிசையாகக் கோத்து, பாயில் வைக்க வேண்டும். ஐந்தடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி வெட்டி, விறகும் கரியும் போட்டு மண் சிவக்கும்வரை எரிக்க வேண்டும். பிறகு நெருப்பை எடுத்துவிட்டு மதுவையும் காடியையும் ஊற்ற, ஆவி கிளம்பும்போதே எலும்புகளை உள்ளே இறக்கி வைக்கோல் பாயால் மூடி, இரண்டு முதல் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆறியதும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, எண்ணெய் பூசிய சிவப்புக் குடையை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், உயிரோடு இருக்கும்போது விழுந்த அடி மெல்லிய செந்நிறக் கோடாகத் தெரியும். குறிப்பிட்ட நிற ஒளியில் காயங்களைப் பார்க்கிற இன்றைய முறையோடு இதை ஒப்பிடுகிறார்கள்.

விதிகளும் கறாரானவை. உத்தரவு வந்து நான்கு மணி நேரத்துக்குள் கிளம்பாத அதிகாரிக்குத் தண்டனை. நாற்றத்துக்குப் பயந்து தள்ளி நின்றுகொண்டு ஊழியர் சொல்வதை எழுதிக்கொள்ளக் கூடாது, தானே கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். தொடரில் சோங் ட்சுவாக நடிக்கிற ஹே பிங் குனிந்து உட்கார்ந்து பிணத்தைப் பார்க்கிற விதத்தை இதைப் படித்துவிட்டுப் பார்த்தால் இன்னும் பிடிக்கும். அவர் பெய்ஜிங் நாடக மேடையிலிருந்து வந்த நடிகர், கதாநாயகக் களை என்று ஒன்றும் கிடையாது, ஆனால் எதையோ கவனித்துவிட்டார் என்பது வசனம் வருவதற்கு முன்பே அவர் முகத்தில் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

ஜூலை 20, ஞாயிறு

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எடுத்து இருபது வருஷம் ஆனதால் வெளிச்சமும் செட்டும் பழையதாகத் தெரியும். சில கேஸ்களில் பேச்சு இழுக்கும். எனக்குக் கிடைத்த சப்டைட்டில் சில இடங்களில் கரடுமுரடு. நூலிலும் தவறுகள் உண்டு: பிள்ளையின் ரத்தத்தைப் பெற்றோரின் எலும்பில் விட்டால் உள்ளே இறங்கும் என்கிறது, ஆணுக்குப் பன்னிரண்டு விலா ஜோடி, பெண்ணுக்குப் பதினான்கு என்கிறது. இரண்டுமே உண்மை இல்லை. அதே நூல்தான் தீயில் இறந்தவன் உயிரோடு எரிந்தானா, செத்த பிறகு நெருப்பில் போட்டார்களா என்று அறிய வாயிலும் மூக்கிலும் கரி இருக்கிறதா என்று பார் என்கிறது. அது இன்றும் பார்க்கப்படுகிற அடையாளம்.

அப்பாவின் தற்கொலையும் தொடருக்காகச் செய்துகொண்டது. வரலாற்றில் சோங் ட்சு 1217இல் தேர்வில் வென்றார், வேலையும் கிடைத்தது, அப்பா நோயில் விழுந்து இறந்ததால் போகவில்லை. நாற்பது வயதில், 1226இல்தான் முதல் பதவிக்குப் போகிறார். பிறகு குவாங்டோங்கில் இருந்தபோது, தேங்கிக் கிடந்த மரண தண்டனைக் கைதிகள் இருநூறு பேருக்கு மேல் உள்ள வழக்குகளை எட்டு மாதத்தில் முடித்தார் என்று அவருடைய நண்பரான கவிஞர் லியூ கஜுவாங் கல்லறைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இருநூறு பேர் எத்தனை வருஷம் உள்ளே கிடந்தார்களோ. இதையே தனித் தொடராக எடுக்கலாம்.

ஜூலை 27, ஞாயிறு

முடித்துவிட்டேன். முடிவை இங்கே உடைக்க மாட்டேன். கடைசிக் கேஸ்கள் பக்கம் போகப் போக, கொன்றவன் யார் என்று தெரிந்த பிறகும் கதை நிற்காமல் ஓடுகிறது, அந்த உண்மையை எடுத்துக்கொண்டு எந்த வாசலுக்குப் போவது என்ற இடத்தில் மனுஷன் மாட்டிக்கொள்கிறார், அங்கே கோபம் வந்து நான் எழுந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

பார்க்கப் போகிறவர்கள் முதல் கேஸை நிறுத்தாமல் பாருங்கள், அப்பா கதையும் சோங் ட்சுவின் வேலை முறையும் அதில்தான் அமைகிறது. பிடித்துப்போனால் வாரத்துக்கு ஒரு கேஸ் போதும், ஒரே மூச்சில் ஓட்டினால் துப்புகள் நழுவிவிடும். சாப்பிடும்போது மட்டும் வேண்டாம், பிணங்களை ரொம்பக் கிட்டத்தில் காட்டுகிறார்கள்.