அறுபத்தோராவது பிள்ளை

எங்கள் பள்ளி சாத்தான்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே, செம்மணல் தேரியை ஒட்டிய சின்ன ஊரில் இருக்கிறது. திருச்சபை நடத்துகிற அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை, தமிழ்வழி, மூன்று ஆசிரியைகள். நான் மூன்றாவது. அந்த 'மூன்றாவது'தான் பிரச்சினை.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் பணியிடத்தைக் கணக்கிடுவார்கள். 60 என்றால் நான் உபரி. பணி நிரவலில் எந்த ஊருக்குப் போகச் சொன்னாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். போன ஆண்டு இருந்தது 62 பேர். அதில் ஐந்தாம் வகுப்பு முடித்து வெளியே போனவர்கள் 15. மீதி 47. கோடை விடுமுறை முழுக்க இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். எப்படிப் போட்டாலும் பதினாலு பிள்ளைகள் குறைந்தார்கள்.

வெயிலால் தள்ளிப்போன திறப்பு 2024 ஜூன் 10, திங்கட்கிழமை நடந்தது. எங்கள் பள்ளியில் திங்கள் காலை என்றாலே முதல் வேலை பெஞ்சு இழுப்பது. கோயிலும் பள்ளியும் ஒரே காம்பவுண்ட். (இந்தப் பக்கத்துச் சபைக்காரர்கள் ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம்.) ஞாயிறு ஓய்வுநாள் பள்ளி எங்கள் வகுப்பறையில்தான் நடக்கும். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிப் பாய் விரித்திருப்பார்கள். கரும்பலகையில் யாரோ வரைந்த நோவாவின் பேழை அப்படியே இருக்கும். அதை அழிக்க ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விட மாட்டார்கள். "ஒட்டகச்சிவிங்கியை மட்டும் விடுங்க டீச்சர்" என்பார்கள். சரி என்று அதை ஓரமாக விட்டுவிட்டு மிச்ச இடத்தில் 'அ' எழுதுவேன்.

அன்று ஒன்றாம் வகுப்புக்கு வந்தவர்கள் எட்டுப் பேர். ஆக 55. பெரிய டீச்சர் (தலைமையாசிரியையை ஊரே அப்படித்தான் அழைக்கும்) கரும்பலகை மூலையில் பதிவு 55, வருகை 49 என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். "ஆறு பிள்ளதான. எட்டு வாரம் கிடக்கு" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான். எனக்குத்தான் வயிறு கலங்கியது.

காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்து, குறள், செய்தி, உறுதிமொழி என்று எல்லாப் பள்ளியிலும் நடப்பது இங்கேயும் நடக்கும். கூடவே ஒரு கீர்த்தனையும் சின்ன ஜெபமும் உண்டு. ஜெபம் செய்ய வாரத்துக்கு ஒரு பிள்ளை முறை. எதற்காக ஜெபிப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யலாம். ஜூன் மூன்றாவது வாரம் முறை வந்தது நான்காம் வகுப்புப் பையனுக்கு. "எங்க ஸ்கூல்ல இன்னும் ஆறு பேரு சேரணும் ஆண்டவரே" என்று சத்தமாகச் சொன்னான். கண்ணை மூடியிருந்த மூன்று டீச்சர்களும் ஒரே சமயத்தில் கண்ணைத் திறந்தோம். அவனிடம் யாரும் சொல்லவில்லை. பலகையைப் பார்த்து அவனே போட்ட கணக்கு. வகுப்பில் கழித்தல் வராது அவனுக்கு.

சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போனோம். எங்களுக்குப் போட்டி பக்கத்து அரசுப் பள்ளி இல்லை. காலை ஏழே முக்காலுக்கு வருகிற மஞ்சள் வேன்தான். அது வந்து நிற்கும்போது டை கட்டி, ஷூ போட்டு ஏறுகிற பிள்ளையை நாலு வீடு பார்க்கும். அந்தப் பார்வைக்கு ஈடாக எங்களிடம் ஒன்றும் கிடையாது. பெரிய டீச்சர் வேறு வழியில் போவார். "உங்க பூட்டன் படிச்ச பள்ளிக்கூடம்லா இது" என்று ஆரம்பிப்பார். அதில் பொய் இல்லை. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் (போதகரை இங்கே ஐயர் என்போம்) காலந்தொட்டே இந்தச் சீமையில் சபை போன ஊர்களுக்கெல்லாம் பள்ளிக்கூடமும் சேர்ந்து போனது. ஆனால் பூட்டன் படித்தார் என்பதற்காக இன்று யாரும் பிள்ளையைச் சேர்ப்பதில்லை. ஒரு அம்மா நேராகவே கேட்டார்: "பூட்டன் பனைதான டீச்சர் ஏறுனாரு?"

இன்னொரு வீட்டில் வேறு கேள்வி. எய்டட் (அரசு உதவிபெறும்) பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் அந்த 7.5 சதவீதம் கிடைக்காதாமே என்றார் அப்பா. பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், தொடக்கப் பள்ளியை அதில் கணக்கெடுப்பதில்லை, ஐந்து முடித்துவிட்டு ஆறில் அரசுப் பள்ளிக்குப் போகட்டும் என்று விளக்கினேன். அடுத்த திங்கள் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார். அந்த ஜூனில் நான் பேசிச் சேர்த்தது அந்த ஒன்றுதான். இன்னொன்று தானாக வந்தது. புருஷன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட ஒருத்தி, மூன்றாம் வகுப்பு மகளோடு வாசலில் நின்றாள். சந்தோஷப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை.

ஒரு பாட்டி பேரனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தார். சுடலைமாடன் கோயில் பூசாரி வீடு. சேர்க்கைப் படிவத்தோடு வேதபாடத்துக்கு ஒப்புதல் கேட்கிற தாளும் இருக்கும். அரசு உதவி வாங்குகிற பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத போதனையில் உட்கார வைக்க முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் கூறே அப்படித்தான் சொல்கிறது. வேண்டாம் என்றால் அந்த நேரத்தில் நன்னெறி வகுப்பு. இதையெல்லாம் நான் நீட்டி முழக்கிச் சொல்லி முடித்ததும் பாட்டி கேட்டார்: "கதை எதுல சொல்லுவிய?" வேதபாடத்தில்தான் கதை அதிகம் என்றேன். "அப்ப அதுலயே போடுங்க. அவன் கதைன்னா சோறு திங்காம கேப்பான்." கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைதான் வேதபாடம். வசனம் ஒப்பிக்கிற நாளும் அதுதான். பூசாரி வீட்டுப் பையன் வசனத்தில் சுமார், கதையில் கெட்டி. தாவீது கோலியாத்தைக் கவண்கல்லால் அடித்த கதையைச் சொன்னேன். கவண் என்றால் என்ன என்று கேட்டார்கள். நம் கவுட்டை மாதிரி, ஆனால் சுழற்றி எறிவது என்றேன். பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அவரும் மொதல்ல ஓணான் அடிச்சித்தான் பழகுனாரா டீச்சர்?" சிங்கத்தையும் கரடியையும் அடித்துப் பழகினார் என்று வேதத்தில் இருப்பதைச் சொன்னேன். ஓணானைத் தாண்டாமல் யாரும் சிங்கத்துக்குப் போக முடியாது என்பதுபோல ஒரு பார்வை பார்த்தான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

ஜூன் கடைசியில் 58. ஜூலை முதல் வாரம் இரண்டாம் வகுப்புப் பையனைப் பெற்றோர் திருப்பூருக்குக் கூட்டிப் போனார்கள். 57. அதே வாரம் ஒரு குட்டிப் பெண்ணைச் சேர்க்க முடியாமல் போனது. ஒன்றாம் வகுப்புக்கு ஜூலை 31இல் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். அவள் பிறந்தது ஆகஸ்ட் 3. மூன்று நாள்! பிறப்புச் சான்றிதழை நான் திருப்பித் திருப்பிப் பார்த்ததைக் கண்டு பெரிய டீச்சர் அதை மெதுவாக வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டார். "அடுத்த வருசம் வாம்மா, மொத ஆளா உன்னையத்தான் எழுதுவேன்."

வராத பிள்ளையின் பெயரை மட்டும் பதிவேட்டில் ஒட்ட வைக்கிற பழக்கம் அந்தக் காலத்தில் அங்கங்கே இருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். எமிஸும் (கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவேடு) ஆதாரும் வந்தபிறகு அதற்கு வழி இல்லை. இருந்தாலும் எங்கள் பெரிய டீச்சர் செய்ய மாட்டார். நான் செய்திருப்பேனா என்று கேட்டால், அந்த ஜூலையில் என்னிடம் கேட்காமல் இருந்ததே நல்லது.

நிலைமை மாறியது ஜூலை 15, திங்கட்கிழமை. காமராஜர் பிறந்தநாள். அன்றுதான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி எய்டட் பள்ளிகளுக்கு வந்தது. அரசுப் பள்ளிகளில் முந்தின ஆண்டே வந்துவிட்டது. அதுவரை எங்கள் பிள்ளைகள் தெருவில் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள், "அங்க கிச்சடி டீச்சர், நமக்கு எப்ப?" என்று. திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல் என்று நாள்வாரியாகப் பட்டியலைச் சுவரில் ஒட்டினோம். ஒன்றாம் வகுப்பு அதைப் படிக்கத் தெரியாமலேயே மனப்பாடம் செய்தது. வசனத்துக்கு நான் இவ்வளவு பாடுபட்டதை நினைத்தேன். முதல் புதன்கிழமை பொங்கலுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். ஆனால் புதன் மொஹரம் விடுமுறை! செவ்வாய் சாயங்காலம் அதைச் சொன்னபோது எழுந்த கூச்சல் கோயில் வரை கேட்டிருக்கும்.

இதில் எங்களுக்கு இன்னொரு நன்மை. சமைக்க வருவது ஊர் மகளிர் குழுப் பெண்கள். அவர்களுடைய பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மஞ்சள் வேனுக்குப் பணம் கட்டலாமா என்று ஜூன் முழுக்க யோசித்துக்கொண்டிருந்த ஒரு பெண், வேலையை ஏற்றுக்கொண்டு மகனை எங்களிடம் சேர்த்தாள். அவளைப் பார்த்து அவள் தங்கையும் மகளைச் சேர்த்தாள். 59.

அடுத்த இரண்டுக்கும் ஆள் தயார். அண்ணனும் தங்கையும், நான்காம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு. அப்பா பனை ஏறி விழுந்து இடுப்பு போய்விட்டது. தனியார் பள்ளியில் கட்டணம் கட்ட முடியவில்லை. பிள்ளைகள் ஜூலை 8ஆம் தேதியில் இருந்தே எங்கள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் பெயர் எமிஸில் பழைய பள்ளியிலேயே கிடந்தது. அவர்கள் அதைக் காமன் பூலுக்கு (பள்ளி மாறுகிற பிள்ளைகளின் பொதுப் பட்டியலுக்கு) விட்டால்தான் நாங்கள் எடுக்க முடியும். பாக்கி கட்டினால் விடுகிறோம் என்றார்கள். நான் மூன்று முறை போனேன். முதல் முறை அலுவலகத்தில் ஆள் இல்லை, இரண்டாம் முறை கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, மூன்றாம் முறை தாளாளர் சென்னையில். அந்தப் பள்ளியைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, அவர்களும் எண்ணிக்கையைத்தானே எண்ணிக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஜூலை மூன்றாவது வாரம் பெரிய டீச்சர் ஒரு பேப்பர் துண்டைக் கொண்டுவந்தார். மாற்றுச் சான்றிதழ் என்பது கட்டணப் பாக்கியை வசூலிக்கிற கருவி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதைப் பிள்ளைகளின் அம்மா கையில் கொடுத்து, கூடவே எங்கள் சேகரத்து (சில சபைகள் சேர்ந்த வட்டாரத்து) ஐயரையும் அனுப்பி வைத்தார். ஐயர் என்ன பேசினார் என்று தெரியாது. "ஒண்ணும் பேசல, காப்பி குடுத்தாங்க, குடிச்சேன்" என்றார். ஜூலை 30 சாயங்காலம் எமிஸைத் திறந்தபோது இரண்டு பெயரும் பூலில் இருந்தன. நெட் போய்ப் போய் வந்தது. கோயில் படிக்கட்டில்தான் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். அங்கே உட்கார்ந்து இருட்டுகிற வரைக்கும் போனை ஆட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் முதலில் ஏறினான், 60. தங்கை ஏற ஏழேகால் ஆனது.

ஆகஸ்ட் 1 வியாழக்கிழமை. பலகையில் பதிவு 61. பெரிய டீச்சர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மதியம் எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு முட்டை எடுத்து வைத்திருந்தார், அவர் வீட்டில் அவித்தது.

ஆகஸ்ட் 5, திங்கள் காலை. பெஞ்சு இழுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா வாசலில் நின்றார். சென்னையில் மளிகைக் கடையில் வேலை. குடும்பத்தைக் கூட்டிப் போகிறாராம், டி.சி. வேண்டுமாம். "போன வாரமே வந்திருப்பேன் டீச்சர், மொதலாளி லீவு தரல" என்றார். பெரிய டீச்சர் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுத ஆரம்பித்தார். பையன் என் பக்கத்தில் வந்து, அங்கேயும் புதன்கிழமை பொங்கல் போடுவார்களா என்று கேட்டான். மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்தால் உண்டு என்று அப்பாவுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். எங்கே சேர்ப்பது என்று இன்னும் பார்க்கவில்லை என்றார் அவர்.

அவர்கள் போனபிறகு பலகையில் 61ஐ அழித்து 60 என்று எழுதினேன். வருகை 51. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை.